விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும் வீடு: ஓய்வுபெற்ற தம்பதியரே, ஆலோசனை சொல்லுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் அன்பர்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 38 ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள். 55 வயதில் நின்றுவிடலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தோம். 2013 ஜூலையில் ஓய்வு வயது 60 ஆனதும், உடம்பில் தெம்பு இருக்கும்வரை வெட்டுவோம் என்று தொடர்ந்தோம். கடந்த ஆண்டு தோட்டத்து லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, சேம நிதிப் பணத்தையும் சிறுகச் சிறுகச் சேர்த்ததையும் கொண்டு பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாங்கிய சிறிய வீட்டுக்குக் குடிவந்தோம். பிள்ளைகள் ஷா ஆலாமிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். எங்களுக்குக் குறையொன்றும் இல்லை.

ஆனால் நான்கு மணி அடிப்பதற்குள் இருவருக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. பால் மரத்தை விடிவதற்கு முன்பே வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கிவிட்டால் பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து, ஓட்டம் சீக்கிரமே நின்றுவிடும். மரத்துக்கு ஏற்றபடி பழகிய உடம்பு அந்த மணியை விடமாட்டேன் என்கிறது. எழுந்து பால் சேர்க்காத வரக்கோப்பி கலக்கி முன்வாசலில் உட்காருகிறோம். அதற்குப் பிறகு விடியும்வரை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே தோட்டம் என்றாலும் மனைவிக்கு ஒரு நிரை, எனக்கு ஒரு நிரை; நிரை என்பது ஒருவர் வெட்ட வேண்டிய மர வரிசை. பெரட்டில் (காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில்) பக்கத்தில் நிற்போம். பிறகு பால் நிறுக்கும் இடத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்போம். பசியாறுவதுகூட அவரவர் நிரையில், அவரவர் கொண்டுபோன தூக்குச்சட்டியைத் திறந்துதான். இத்தனை ஆண்டுகளில் வேலை நாளொன்றில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பசியாறியதாக எனக்கு நினைவில்லை. இப்போது உட்காருகிறோம், பேச்சு வரவில்லை. மனத்தாங்கல் ஏதுமில்லை; வழக்கம் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கப் பழகுங்கள் என்கிறார்கள் பிள்ளைகள். அப்படிப் பழக வேண்டுமா, அல்லது அந்த நேரத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? உங்கள் வீடுகளில் எப்படி என்று எழுதுங்கள்.

மறுமொழி 1: முன்னாள் தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்), கெடா

வணக்கம் ஐயா. தோட்ட மருந்தகத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பால் வெட்டிய உடம்பைப் பிடித்து ஏழு மணிவரை படுக்கவைக்க முயல வேண்டாம். இரவு ஒன்பது மணிக்குள் படுத்துவிட்டால் நான்கு மணிக்கு ஏழு மணி நேரம் நிறைந்துவிடுகிறது. நம் வயதுக்கு அது போதும். பின்னிரவுவரை தொலைக்காட்சி பார்த்துவிட்டு நான்கு மணிக்கும் விழித்துக்கொண்டால்தான் பகலில் தலை கனக்கும்.

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் மண் இருக்கிறது. அதில் கத்தரி, வெண்டை, ஒரு கறிவேப்பிலைக் கன்று, வேலியோரமாகச் செராய் (எலுமிச்சைப்புல்), பாண்டான் ஆகியவற்றை வைத்திருக்கிறோம். வெளிச்சம் வந்ததும் இருவரும் போய் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பூச்சி பார்ப்போம். தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறேன் என்று என் மனைவி சொல்வார், போதவில்லை என்று நான் சொல்வேன். அங்கே தொடங்கும் பேச்சு, அவருடைய அம்மா வாழைப்பூ ஆய்ந்த விதம்வரை போய் நிற்கும். பேச வேண்டும் என்றே எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் இவ்வளவு பேசியிருக்க மாட்டோம். முதல் கத்தரிக்காயைப் பறித்த அன்று அதைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்குக் கொடுத்தோம்; மறுநாள் ஒரு கிண்ணம் நிறையப் பலகாரம் வந்தது.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கூலிம்

ஐயா, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். 38 ஆண்டுகளையும் விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அம்மா என்ன விரும்புகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இது குறை சொல்வதற்காக அன்று. அவரை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதனால்தான் சொல்கிறேன். நான் பணியாற்றிய பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் தாய்மார்கள் விடியுமுன் சமைத்து, குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு ஓடி, திரும்பி வந்ததும் மறுபடி அடுப்படிக்குப் போவார்கள். வெட்டுக்கத்தியைக் கீழே வைத்ததோடு ஆண்களுக்கு வேலை முடிந்தது, அவர்களுக்கு முடியவில்லை. ஆகவே தோட்டம் போடும் யோசனை நல்லதுதான் என்றாலும், அது அவர் தலையில் இன்னொரு வேலையாக விழுந்துவிடக் கூடாது. முதலில் அந்த நான்கு மணி வரக்கோப்பியை நீங்கள் கலக்குங்கள்.

எங்கள் வீட்டு வழக்கம் நாளிதழ் வாசிப்பது. என் கணவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்த காலத்தில் நான் அவருக்கு உரக்க வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அறுவைச் சிகிச்சை முடிந்து பார்வை தெளிந்த பிறகும், "நீயே வாசி, அப்போதுதான் செய்தி மனத்தில் நிற்கிறது" என்று சொல்லிவிட்டார். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனபோது, வீட்டில் ஒருவர் குறைந்ததைப் போலிருந்தது. பல நாள்கள் காலையில் வானொலியை மட்டும் வைத்துக்கொண்டு பேசாமலே இருந்தோம். இப்போது வேறொரு நாளிதழ் வாங்குகிறோம். மரண அறிவித்தல்கள் உள்ள பக்கத்தை அவர் முதலில் கேட்பார், தெரிந்த பெயர் வந்தால் அன்றைக்கு அந்த மனிதரைப் பற்றியே பேசுவோம்.

மறுமொழி 3: கோலகங்சார்வாசி

அண்ணன், நீங்கள் இருப்பது எங்கள் மாவட்டத்திலேயே என்பதால் ஓர் அழைப்பு. 1877இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒன்பது ரப்பர் கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்னமும் இங்கே நிற்கிறது. வாழ்நாளெல்லாம் ரப்பரோடு இருந்த நீங்கள் இருவரும் அதைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டணத்துக்கு ஏதாவது காரியமாக வரும் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

இன்னொரு நாள் காராய்க்குப் போங்கள். 1900இல் கட்டி முடித்த விக்டோரியா பாலம் பேராக் ஆற்றின் மேல் இருக்கிறது. அதன்மேல் இப்போது ரயில் போவதில்லை, பக்கவாட்டில் இருக்கும் பாதையில் நடந்து போகலாம். நானும் என் துணைவியாரும் மாதத்துக்கு ஒருமுறையாவது வெயில் ஏறுமுன் போய்விடுவோம். ஆற்றைப் பார்த்தபடி நின்றுவிட்டு, திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக் தேநீரும். அவ்வளவுதான் எங்கள் உல்லாசப் பயணம். பினாங்குப் பக்கம் போக ஆசைப்பட்டால், 60 வயது நிறைந்த மலேசியருக்கு ரயில் கட்டணம் பாதிதான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேட்டவரின் பதில்: மூன்று வாரங்களுக்குப் பிறகு

எழுதிய மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று நாள்கள் ஆயின, ஏனென்றால் மனைவியிடம் எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. கடைசியில் வரக்கோப்பியை நானே கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டேன். சீனி தூக்கலாக இருக்கிறது என்றார். பிறகு வெகுநேரம் யோசித்துவிட்டு, மழை பெய்யும்போது ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்.

பால் வெட்டாதவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். பட்டை நனைந்தால் பால் வெட்டுவழியே ஓடாமல் மரமெல்லாம் வழிந்துவிடும். பால் பிடிக்கும் மங்கில் விழுந்ததையும் மழைத்தண்ணீர் கெடுத்துவிடும். அதனால் விடியற்காலை மழை என்றால் அன்றைய வருமானம் போனது என்று பொருள். கூரையில் முதல் துளி விழுந்ததுமே, இந்த மாதம் எத்தனை நாள் போயிற்று என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். மழையை மழையாக நாங்கள் கேட்டதே இல்லை என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் நான்கரை மணிக்குக் கொட்டத் தொடங்கியது. "இன்றைக்கு வெட்டு இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். விளக்கைப் போடாமல், ஆறரை மணிவரை முன்வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். அன்றுதான், எங்கள் மூத்த மகன் பிறப்பதற்கு முந்தின நாள்வரை தான் பால் வாளி சுமந்ததை, அந்த நிரையின் மேடு பள்ளங்களோடு எனக்குச் சொன்னார்.

கோலகங்சாருக்கும் போய்வந்தோம். மரத்தைக் கண்டதும் அவர் சற்றுத் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்து, பிறகு அடிமரத்தையே நெடுநேரம் கவனித்து, "இதை நானாக இருந்தால் இந்தப் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கியிருப்பேன்" என்று கையால் சரிவு காட்டினார். நான் மறுபக்கம் என்றேன். வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றியே பேசினோம். வரும் வழியில் ஒரு லாபு சாயோங் என்னும் மண் கூசா வாங்கினார். அதில் ஊற்றிவைத்த தண்ணீர் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறது, குளிர்பெட்டித் தண்ணீரை இப்போது இருவரும் தொடுவதில்லை.

டிரசர் ஐயா, செராய் நட்டுவிட்டோம். கோலகங்சார் தம்பிக்கு ஒரு கேள்வி: அடுத்த வாரம் காராய்ப் பாலத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். என் மனைவிக்கு முட்டிவலி உண்டு. பாலத்துக்கு ஏறும் இடத்தில் படிகள் அதிகமா, இடையில் சற்று நின்று இளைப்பாற வசதி இருக்கிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.