ரூட் இருந்தாலே விகிதமுறா எண்ணா?

புள்ளிக்கோலம்: √12 × √3, √0.4, 1/17, 0.101001000100001… இதில் எது விகிதமுறு (இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடிவது), எது விகிதமுறா (அப்படி எழுத முடியாதது) என்று எப்படிப் பிரிப்பது? கால்குலேட்டரில் 1/17 போட்டால் 0.0588235294 என்று வருகிறது, எதுவுமே திரும்ப வரவில்லையே, அப்போ அதுவும் விகிதமுறா எண்தானா?

மீதி_பூஜ்யம்: கால்குலேட்டரை முதலில் ஓரம் வையுங்கள். 1/17 பின்னமாகவே இருக்கிறது, விஷயம் முடிந்தது. அதன் தசமம் 16 இலக்கத்துக்கு ஒருமுறைதான் சுற்றி வரும், திரையில் அவ்வளவு இடம் இல்லை. 17ஆல் வகுக்கும்போது மீதி 1 முதல் 16க்குள்தான் வர முடியும், அதனால் எப்படியும் ஒரு மீதி திரும்ப வந்தே தீரும், அங்கிருந்து இலக்கங்களும் திரும்ப வரும். எந்தப் பின்னத்தின் தசமமும் ஒன்று முடிந்துவிடும், இல்லை இப்படிச் சுற்றி வரும். ரூட் இருந்தால் சுருக்கிப் பாருங்கள்: √12 × √3 = √36 = 6. ஆனால் √0.4 என்பது √10/5, அது விகிதமுறா எண் (0.04 ஆக இருந்தால் 0.2 என்று சுத்தமாக வந்திருக்கும், பலர் வழுக்குவது இங்கேதான்). கடைசி எண்ணில் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் ஒரே தொகுதி திரும்பத் திரும்ப வரவில்லை, பூஜ்யங்கள் நீண்டுகொண்டே போகின்றன. அதனால் விகிதமுறா எண்.

புள்ளிக்கோலம்: சரி, புரிந்தது. √2 + √3?

அரைவட்டம்: அது விகிதமுறு எண் என்றே வைத்துக்கொண்டு வர்க்கப்படுத்துங்கள். 5 + 2√6 வரும். அப்போ √6ம் விகிதமுறு ஆக வேண்டும், 6 முழு வர்க்கம் இல்லையே, முரண்பாடு. கூட்டினால் எப்போதும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம், (2 + √3) + (2 − √3) = 4. π + e (e என்பது 2.718… என்று போகும் மாறிலி) விகிதமுறு எண்ணா இல்லையா என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை!

மீதி_பூஜ்யம்: அப்புறம், 22/7 விகிதமுறு எண், π இல்லை. தேர்வில் இதை மாற்றி எழுதாதீர்கள்.