எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர்: பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, பிப்ரவரியில் இரண்டு பக்கமும் பரீட்சை. உதவி தேவை

ராணிப்பேட்டை மாணவி:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் பி.டெக் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். ஐந்தாம் செமஸ்டரை ஜெர்மனியில் படிக்க எங்கள் கல்லூரி என்னை நாமினேட் செய்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆன்லைனில் விண்ணப்பிக்க இணைப்பும் வந்துவிட்டது. கடைசி நாள் ஜூன் 15. வீட்டில் இனிப்பு வாங்கித் தெருவுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனால் நான் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

என் பெயர் தேன்மொழி, அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் 'தேன்மொழி எம்'. கல்லூரியில் 'எம்.தேன்மொழி'. பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கட்டத்தில் 'தேன்மொழி முருகேசன்', சர்நேம் கட்டம் காலி. பிரவுசிங் சென்டர் அண்ணன் அப்படித்தான் போட வேண்டும் என்றார். விண்ணப்பத்தில் லாஸ்ட் நேம், அதாவது அந்த சர்நேம், கட்டாயம். நான் அவசரத்தில் 'எம்' என்று போட்டு சேவ் செய்துவிட்டேன். இப்போது மாற்ற முடியவில்லை, அந்தக் கட்டமே சாம்பல் நிறமாகிவிட்டது.

இன்னொன்று. அங்கே வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை, பரீட்சை பிப்ரவரியில். எங்களுக்கு ஆறாம் செமஸ்டர் ஜனவரி முதல் வாரமே தொடங்கிவிடும், பிப்ரவரியில் முதல் இன்டர்னல் தேர்வு. எச்ஓடி (துறைத்தலைவர்) சாரிடம் கேட்டால் "போய்ட்டு வாம்மா, பார்த்துக்கலாம்" என்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

வாழ்த்துகள்மா. பெயர்ப் பிரச்சினைக்குப் பயப்படாதே, நம் ஊரிலிருந்து போகிற பாதிப் பேருக்கு இதே கதைதான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட விடமாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். சர்நேம் காலியாக இருப்பதும் தவறில்லை, இந்திய அரசே அனுமதிக்கிறது. 'எம்' என்று போட்டதுதான் தவறு. ஏனென்றால் அட்மிஷன் கடிதம் 'தேன்மொழி எம்' என்று வரும், பாஸ்போர்ட்டில் அப்படி ஓர் ஆள் இல்லை.

இன்றைக்கே அந்தப் பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸில் உன் விண்ணப்ப இணைப்பு யாரிடமிருந்து வந்ததோ அவருக்கு மெயில் போடு. நான்கு வரி போதும். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை. தவறுதலாக ஓர் எழுத்தைப் பதிந்துவிட்டேன். பாஸ்போர்ட் நகல் இணைத்துள்ளேன். உங்கள் முறைப்படி எப்படிப் பதிய வேண்டுமோ அப்படித் திருத்தித் தாருங்கள். உனக்குச் சாம்பலாகத் தெரியும் கட்டம் அவர்களுக்குத் திறந்திருக்கும். எனக்கு 'முருகேசன்' இடத்தில் இருக்கும் சொல்லை லாஸ்ட் நேமாகப் பிரித்துப் போட்டுக் கொடுத்தார்கள். நண்பன் ஒருவனுக்கு முழுப் பெயரையும் லாஸ்ட் நேமில் போட்டு முதல் பெயரில் ஒரு கோடு போட்டார்கள். இரண்டுமே விசாவில் சிக்கல் இல்லாமல் போயின. பாஸ்போர்ட்டில் உள்ள சொற்கள், அதே எழுத்துக்கூட்டல். அவ்வளவுதான்.

அங்கே போனதும் உன்னை எல்லோரும் 'மிஸ் முருகேசன்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் அப்பாவைத் தேடுகிறார்கள் என்று நினைத்து நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மக்கன்பேடா:

எதுக்கு இவ்வளவு சுற்று? கெஜட்டில் பெயரை மாற்றிவிட்டுப் புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் ஒரேடியாக முடிந்துவிடும். தட்கலில் போட்டால் சீக்கிரம் வந்துவிடும்.

காட்பாடி ஜங்ஷன்:

ஐயா, இது பெயர் மாற்றமே இல்லை, கெஜட் வரை போக வேண்டியதில்லை. இருக்கும் பெயரை இரண்டு கட்டத்தில் பிரிப்பதற்குப் பாஸ்போர்ட் ரீ-இஷ்யூ போதும், 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. ஆனால் ரீ-இஷ்யூ செய்தால் பாஸ்போர்ட் எண்ணே மாறிவிடும். நாமினேஷன் போன பிறகு எண் மாறினால் எல்லாக் காகிதத்தையும் திரும்ப எழுத வேண்டும். முதல் ஆண்டு படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் இப்போதே சர்நேம் கட்டத்தை நிரப்பி வாங்கிவிடுங்கள். இந்தப் பெண்ணுக்கு இப்போது வேண்டாம்.

மார்க்‌ஷீட் வேறு, பாஸ்போர்ட் வேறு என்பதற்குக் கல்லூரியிலேயே போனஃபைடு சான்றிதழ் வாங்கு. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுதி, "எங்கள் பதிவேட்டில் உள்ள எம்.தேன்மொழியும் இவரும் ஒருவரே" என்று ஒரு வரி சேர்க்கச் சொல். கூடுதல் தைரியத்துக்கு சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட்டும் வாங்கிக்கொள். எனக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையில் இருந்தது.

குடியாத்தம் அக்கா:

தங்கச்சி, பெயர் சின்ன விஷயம். "பார்த்துக்கலாம்" என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் கதையைக் கேள்.

நானும் அப்படியே கிளம்பிப் போனேன். நன்றாகப் படித்தேன். ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ். 1.0 என்றால் முதல் தரம், 4.0 என்றால் தேர்ச்சி, 5.0 என்றால் ஃபெயில். எனக்கு ஒரு பாடத்தில் 1.3. ஊருக்கு வந்து அங்கே கொடுத்த மதிப்பெண் பட்டியலைக் (டிரான்ஸ்கிரிப்ட்) கல்லூரியில் கொடுத்தேன். அலுவலகத்தில் அதை 10-க்கு 1.3 என்று படித்துவிட்டு அரியர் போட்டுவிட்டார்கள். நான்கு பாடத்தில் மூன்று அரியர். 4.0 வாங்கிய ஒரே ஒரு பாடத்தைப் பார்த்து, "இதுதாம்மா உனக்கு நல்லா வருது" என்றார் ஒருவர். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. சரிசெய்ய ஒரு செமஸ்டர் ஆனது.

ஜெர்மனிக்காரர்கள் நம் மதிப்பெண்ணைத் தங்கள் முறைக்கு மாற்றப் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு, பவேரியன் சூத்திரம் என்பார்கள். அதையே திருப்பிப் போட்டால் நமக்கு விடை வரும். 1.3-இல் 1-ஐக் கழித்தால் 0.3. அதை 3-ஆல் வகுத்தால் 0.1. உங்கள் கல்லூரியில் உச்சம் 10, தேர்ச்சி 5 என்றால் இடைவெளி 5. அதில் 0.1 பங்கு 0.5. பத்திலிருந்து கழித்தால் 9.5. இந்த முறையைத்தான் பயன்படுத்துவோம் என்று கிளம்பும் முன்பே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கிக்கொள். வந்த பிறகு கேட்டால் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.

அப்புறம் கிரெடிட். ஐரோப்பாவில் கிரெடிட்டை ஈசிடிஎஸ் என்று எண்ணுவார்கள். ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ், ஒரு ஈசிடிஎஸ் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் கல்லூரியில் 22 கிரெடிட் இருக்கும். எத்தனைக்கு எத்தனை என்பதும் அந்தத் தாளில் வர வேண்டும். பாடத்தைத் தலைப்பை வைத்து ஒப்பிடாதே, சிலபஸை அச்செடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வை. ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள் அங்கே முதுகலையில்தான் அதிகம், இளங்கலையில் குறைவு. போனதும் ஒரு பாடம் நிரம்பிவிட்டது என்பார்கள், இன்னொன்று ரத்தாகும். அதனால் லேர்னிங் அக்ரிமென்ட்டில், அதாவது அங்கே என்னென்ன பாடம் படிப்பாய் என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் தாளில், ஆறு பாடம் போடுகிறாய் என்றால் மாற்றாக இரண்டுக்குச் சேர்த்தே எச்ஓடியிடம் ஒப்புதல் வாங்கு.

பரீட்சை மோதலுக்கு ஒரு தந்திரம். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தேர்வு எந்த வகை என்று பார். எழுத்துத் தேர்வு என்றால் பிப்ரவரியில் உட்கார்ந்தே ஆக வேண்டும். கட்டுரை, புராஜெக்ட், வாய்மொழித் தேர்வு என்றால் பேராசிரியரிடம் பேசி முன்கூட்டி முடிக்க வாய்ப்பு உண்டு. அக்டோபரிலேயே கேட்டுவிடு. ஜனவரியில் போய் நின்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள்.

ராணிப்பேட்டை மாணவி:

அக்கா, 1.3 கதையை அம்மாவிடம் சொன்னேன், "வேண்டவே வேண்டாம், இங்கேயே படி" என்கிறார்கள். இனிமேல் பாதிக் கதைதான் சொல்ல வேண்டும்.

பணம் பற்றியும் கேட்க வேண்டும். ட்யூஷன் ஃபீஸ் அங்கே கட்ட வேண்டாம், இங்கே கட்டினால் போதும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் ப்ளாக்டு அக்கவுண்ட் என்று ஒன்று சொல்கிறார்கள். அப்பா தோல் பட்டறையில் ஜாப் ஒர்க் செய்கிறார். ஊரில் ஒரு கன்சல்டன்சி 75,000 கொடுத்தால் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்கிறது.

ஆம்பூர்க்காரன்:

முதலில் அந்த 75,000-ஐ மறந்துவிடு தங்கச்சி. எக்ஸ்சேஞ்சுக்கு ஆளை அனுப்புவது கல்லூரி, எடுப்பது அந்தப் பல்கலைக்கழகம். நடுவில் கன்சல்டன்சிக்கு வேலையே இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் தானாகப் போகிறவர்கள் நிலைமை வேறு. பேடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. ஒப்பந்தத்தில் வருபவர்களுக்கு அது கிடையாது. உன் அட்மிஷன் கடிதத்தில் 'எக்ஸ்சேஞ்ச் மாணவர்' என்று தெளிவாக இருக்கிறதா என்று பார்.

ப்ளாக்டு அக்கவுண்ட் என்பது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுக் காட்டும் கணக்கு. அது செலவு இல்லை, உன் பணமே உனக்கு மாதாமாதம் திரும்பி வரும். 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ கணக்கு. ஆறு மாதத்துக்கு 5,952. யூரோவுக்கு 100 ரூபாய் என்று போட்டால் ஏறக்குறைய 6 லட்சம். சொத்து மதிப்புச் சான்று, நகைக் கணக்கு எல்லாம் இந்த விசாவுக்கு எடுபடாது. அந்தக் கணக்கு, அல்லது ஸ்காலர்ஷிப் கடிதம், அல்லது அங்கேயே வசிக்கும் ஒருவர் அங்குள்ள அலுவலகத்தில் எழுதித் தரும் பொறுப்பேற்பு.

ஆகவே கல்லூரி அலுவலகத்தில் ஒன்றைக் கண்டிப்பாகக் கேள்: இந்த ஒப்பந்தத்தில் எராஸ்மஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய உதவித்தொகை நிதி இருக்கிறதா? இருந்தால் மாதம் 800, 900 யூரோ அளவிலும் பயணத்துக்குத் தனியாகவும் கிடைக்கும். எங்கள் கல்லூரியில் இருந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டபோது கடைசி நாள் போய்விட்டது.

இல்லையென்றால் வங்கிக் கடன். பழைய வழக்கப்படி கல்விக் கடன் 4 லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை, அதற்கு மேல் 7.5 லட்சம் வரை ஜாமீன் கேட்பார்கள். ஒரு செமஸ்டருக்கு மட்டும் என்றதும் மேனேஜர் முழிப்பார். படிப்புக் காலத்தின் ஒரு பகுதி என்று கல்லூரிக் கடிதம் கொடு.

பணம் அனுப்பும்போது நான் பட்ட பாடு இது. ஊர்க் கிளையில் வெளிநாட்டுப் பணம் அனுப்பும் வசதி இருக்காது, வேலூரில் பெரிய கிளைக்குப் போகச் சொல்வார்கள். அப்பாவின் பான், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம், அதில் நோக்கம் என்ற இடத்தில் கல்விக்கான குறியீடு எஸ்0305. இடையில் உள்ள வங்கியின் கட்டணத்தையும் நாங்களே ஏற்கிறோம் என்று குறித்துக் கொடு. நான் குறிக்கவில்லை. 17 யூரோ குறைவாகப் போய்ச் சேர்ந்தது. அந்த 17 யூரோவுக்காக ப்ளாக்டு அக்கவுண்ட் உறுதிச் சான்று வராமல், விசா அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போய், திரும்ப ஒரு தடவை பணம் அனுப்பி... போதும்.

992 முழுக்கச் சாப்பாட்டுக்கு என்று நினைக்காதே. மருத்துவக் காப்பீடு மாதம் 150 யூரோவை ஒட்டி வரும். அறை விடுதியில் கிடைத்தால் தப்பித்தாய். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே ஸ்டுடியரன்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு விண்ணப்பித்துவிடு, மறுநாள் என்று வைக்காதே. செமஸ்டர் கான்ட்ரிபியூஷன் என்று ஒரு தொகையும் உண்டு, அது ட்யூஷன் ஃபீஸ் இல்லை, ஒப்பந்தம் இருந்தாலும் பல இடங்களில் கட்ட வேண்டும்.

பழைய வாத்தியார்:

முப்பது வருடம் ஒரு கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன் அம்மா.

உங்கள் எச்ஓடி "பார்த்துக்கலாம்" என்று சொல்வது உங்களை ஏமாற்ற இல்லை. அவருக்குத் தனியாக அதிகாரம் இல்லை. வருகைப் பதிவு 75 சதவீதம் என்பது விதி, தேர்வு வேறொரு அலுவலகம். அவர் தலையாட்டிவிட்டு நாளை மாற்றலாகிப் போனால் உங்களை யாருக்கும் தெரியாது. ஆகவே அவரிடம் அனுமதி கேட்காதீர்கள். அவர் மேலே அனுப்புவதற்குத் தோதாக ஒரு கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். முதல்வருக்கு, துறைத்தலைவர் வழியாக, ஒரே பக்கம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான நாள்களுக்கு ஓடி, அதாவது ஆன் டியூட்டி என்று வருகைக் கணக்கு. ஆறாம் செமஸ்டரின் முதல் இன்டர்னலை மார்ச்சில் எழுத அனுமதி. கிரெடிட் மாற்றத்துக்கும் மதிப்பெண் மாற்றத்துக்கும் அட்டவணை இணைப்பு. இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லையே: ஜூலை முதல் செப்டம்பர் வரை நீங்கள் இங்கேதான் இருப்பீர்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரு பாடத்தையாவது இங்கேயே முடிக்க முடியுமா என்றும் கேளுங்கள். அங்கே சுமை குறையும்.

கொடுக்கும்போது நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காகிதம் மேசையிலிருந்து மேசைக்கு நகர இரண்டு வாரம் ஆகும். மூன்று நாளுக்கு ஒருமுறை போய் நின்றால் ஒரு வாரத்தில் நகரும்.

ராணிப்பேட்டை மாணவி:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

பெயர் சரியாகிவிட்டது. மெயில் போட்ட மறுநாளே திருத்திவிட்டார்கள், லாஸ்ட் நேம் முருகேசன். விண்ணப்பம் போய்விட்டது. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி கடிதம் எழுதிக் கொடுத்தேன். எச்ஓடி சார் படித்துவிட்டு, "இதை யாரும்மா எழுதிக் கொடுத்தது?" என்றார். ஓடியும் கிரெடிட் அட்டவணையும் கையெழுத்தாகி வந்துவிட்டன. ஜூலையில் ஒரு பாடம் இங்கே முடிக்கவும் ஒப்புக்கொண்டார்கள். மார்ச் இன்டர்னலுக்கு மட்டும் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதியிருக்கிறார்கள். எராஸ்மஸ் நிதி இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அப்பா வங்கிக்கு நாளை போகிறார்.

'பரிசீலிக்கப்படும்' என்றால் நம்பிக் கிளம்பலாமா ஐயா?

பழைய வாத்தியார்:

கூடாது. அது "பார்த்துக்கலாம்" என்பதன் தட்டச்சுப் பிரதி. தேர்வு அலுவலகத்தில் போய், எந்தக் கூட்டத்தில் பரிசீலிப்பார்கள் என்று தேதி கேளுங்கள். ஆகஸ்டுக்குள் என்றால் காத்திருக்கலாம். இல்லையென்றால் எழுத்துத் தேர்வு உள்ள பாடத்தை லேர்னிங் அக்ரிமென்ட்டிலிருந்து எடுத்துவிட்டு, குடியாத்தத்து அம்மா சொன்னது போல் புராஜெக்ட் உள்ளதைப் போடுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

விசாவுக்குச் சென்னை போகும்போது அசல் காகிதம் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போ. காலையில் காட்பாடியில் ரயில் ஏறினால் அன்று இரவே வீடு திரும்பலாம். போட்டோவை மட்டும் இங்கேயே எடுத்துவிடு. ஸ்டூடியோவில் 'பாஸ்போர்ட் சைஸ்' என்று சொல்லாதே, 35-க்கு 45 மில்லிமீட்டர் என்று அளவைச் சொல்.