சியாட்டில் பக்கம் ஓர்க்கா பார்க்கப் படகில் போகலாமா?

கோத்தகிரிக்காரி:
ஜூலையில் மகளைப் பார்க்க சியாட்டில் போகிறோம். ஓர்க்கா, அதாவது கறுப்பு வெள்ளைக் கொலையாளித் திமிங்கிலம் பார்க்கப் படகுக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்கிறாள். ஆசைதான், ஆனால் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள்ளேயே எனக்கு வாந்தி வந்துவிடும். இன்னொன்று, மசினகுடி ரோட்டில் யானையைக் கண்டதும் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கப் போகிறவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது, அதே தொல்லையைக் கடலில் நானும் கொடுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். போனவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் தம்பி:
தாராளமாகப் போங்கள் அக்கா. தீவுகளுக்கு நடுவே உள்ள கடல், பெரும்பாலும் அலை அதிகம் இருக்காது. மூடின கேபின் உள்ள பெரிய படகாகப் பார்த்து நடுப்பகுதியில் உட்காருங்கள், வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். ஜூலை என்றாலும் நீர்க்காற்று குளிரும், ஜெர்கினும் குல்லாவும் வேண்டும். ஓர்க்கா கண்ணில் படாத நாளும் உண்டு. ஆனாலும் ஹம்பேக் திமிங்கிலம், பாறைமேல் கிடக்கும் கடல்நாய்கள் என்று ஏதாவது இருக்கும்.

கூடலூர் காட்டுவழி:
உங்கள் கவலை நியாயமானது. அங்கே இரண்டு வகை ஓர்க்கா. சினூக் சால்மன் மீனையே பெரிதும் நம்பியிருக்கும் கூட்டத்தில் ஏறக்குறைய 75 உருப்படிதான் மிச்சம். மீன் குறைந்துவிட்டது, இருக்கிற மீனையும் ஒலி எழுப்பி அதன் எதிரொலியை வைத்துத்தான் தேடுகின்றன, படகு எஞ்சின் சத்தம் அதைக் கெடுக்கிறது. அதனால் 2025 ஜனவரியிலிருந்து வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி படகுகள் அவற்றுக்கு 1000 கஜத்துக்குள் போகக் கூடாது. மற்றது கடல்நாயை வேட்டையாடும் வகை, சுற்றுலாப் படகுகள் இப்போது காட்டுவது பெரும்பாலும் இதைத்தான், அதற்கும் 200 கஜம் தள்ளி நிற்க வேண்டும். ‘மிக அருகில் காட்டுகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் படகில் ஏறவே ஏறாதீர்கள்!

கோத்தகிரிக்காரி:
சரி, படகே ஏறாமல் பார்க்க வழி உண்டா?

கூடலூர் காட்டுவழி:
உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் நல்லது. அனகோர்ட்டஸ் ஊரிலிருந்து சான் ஹுவான் தீவில் உள்ள ஃப்ரைடே ஹார்பருக்குக் காரோடு ஏறும் பெரிய ஃபெர்ரி போகிறது, அது அவ்வளவாக ஆடாது. அப்புறம் அதே தீவின் மேற்குக் கரையில் லைம் கில்ன் பாயின்ட் பூங்கா. கலங்கரை விளக்கத்துப் பாறையில் உட்கார்ந்தால் சில சமயம் ஓர்க்கா கரையை ஒட்டியே கடந்து போகும், உங்களால் அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை. வரும் என்று உறுதி கிடையாது, பைனாகுலரும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு அரைநாள் ஒதுக்குங்கள். கோடையில் ஃபெர்ரியில் கூட்டம், காருக்கு முன்பே இடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்.