மாமா அனுப்பின மெனே தெக்கேல் கணக்கு

தூத்துக்குடி மாமா: ⚠️ ஃபார்வேர்டு ⚠️ தானியேல் 5:25ல் பெல்ஷாத்சார் ராஜாவின் விருந்தில் ஒரு கை சுவரில் எழுதிய "மெனே மெனே தெக்கேல் உப்பார்சின்" இரகசியம்!! மெனே = 1000 கேரா (பழைய சின்ன எடை). மறுபடியும் மெனே = 1000. தெக்கேல் = 20. பெரேஸ் = 500. கூட்டிப் பாருங்கள் 2520!! ஏழு காலங்கள் 7 × 360 = 2520!! கடைசி நாட்களின் கவுண்ட்டவுன். குறைந்தது 10 பேருக்கு அனுப்பவும்

பாளை சித்தி: ஆமென் 🙏🙏

பெங்களூர் அண்ணன்: சித்தி படிச்சுட்டு தான் போட்டீங்களா 😂

பாளை சித்தி: அண்ணாச்சி அனுப்புனா சரியாத்தான்ல இருக்கும்

தங்கச்சி: பெரியப்பா இருக்கீங்களா, இந்த ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல்ல எனக்கு தானியேல் 5 தான் வருது, மெனேன்னா நம்பரா? பைபிள்ல மட்டிட்டுன்னு, அதாவது எண்ணின்னு தான போட்டுருக்கு

பெரியப்பா: இருக்கேன்மா. கண்ணாடிய தேடிட்டு வாரேன்

பெரியப்பா: அந்த ஃபார்வேர்டுல பாதி சரி. மெனே, தெக்கேல், பெரேஸ் மூணுமே அரமேயம்ங்கிற பழைய மொழில எடைக்கு உள்ள பேரு. மெனேன்னா மினா, தெக்கேல்னா சேக்கல், பெரேஸ்னா பாதி, பெரும்பாலும் பாதி மினா. 1886ல கிளெர்மோன் கன்னோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இத எடுத்துச் சொன்னாரு. அந்தக் காலத்து பாபிலோன்ல வெள்ளிய நிறுத்துதான் குடுப்பாங்க, அதனால விருந்துல இருந்தவங்க கண்ணுக்கு ஒரு மினா ஒரு மினா ஒரு சேக்கல் அப்புறம் பாதிகள்னு யாரோ சுவத்துல கணக்கு எழுதுன மாதிரிதான் தெரிஞ்சிருக்கும், இதுல ராஜா முகம் வெளிறிப்போக என்ன இருக்கு சொல்லு

தங்கச்சி: அப்ப மட்டிட்டு, நிறுக்கப்பட்டு எல்லாம் எங்க இருந்து வந்துச்சு

பெரியப்பா: அங்கதான் ராஜாவுக்கு எழுத்த வாசிக்க வந்த தானியேல் நிக்காரு. அரமேயத்துல மெய்யெழுத்த மட்டும்தான் எழுதுவாங்க, உயிர் சத்தம் வாசிக்கிறவன் போட்டுக்கிடணும். நம்ம தமிழ்ல சுவத்துல "படி"ன்னு மட்டும் எழுதியிருந்தா அரிசி அளக்குற படியா, ஏறுற படியா, வாசின்னு சொல்லுதானான்னு யோசிப்போம்ல, அதே கதைதான். எல்லாரும் எடைப் பேரா பாத்தத அவரு வினையா வாசிக்காரு. மினாவ எண்ணுனான்னு, சேக்கல நிறுத்தான்னு, பெரேஸ பிரிச்சான்னு. கடைசி வார்த்தைக்குள்ள பாரசீகன்ங்கிற பேரும் ஒளிஞ்சிருக்கு, ப ர ஸ்னு எழுதினா ரெண்டுக்கும் ஒரே எழுத்து. ராஜ்யம் பிரியும், எடுத்துக்கிடுறவன் யாருன்னும் அதுலயே இருக்கு

பெங்களூர் அண்ணன்: செம பெரியப்பா 🔥

தூத்துக்குடி மாமா: மச்சான் அப்ப 2520 தப்புன்னு சொல்லுதீங்களா, கூட்டுனா சரியா வருதே

பெரியப்பா: மாப்ள பைபிள கையில எடுங்க. எசேக்கியேல் 45:12

தூத்துக்குடி மாமா: சேக்கலானது இருபது கேரான்னு போட்டுருக்கு. கேரா கணக்கு சரிதான

பெரியப்பா: அதே வசனத்த முடிய வாசிங்க. இருபதும் இருபத்தஞ்சும் பதினஞ்சும் சேந்து ஒரு இராத்தல், அதாவது மினா. எவ்வளவு ஆச்சு? 60 சேக்கல். பாபிலோன்லயும் மினாவுக்கு 60 தான். உங்க ஃபார்வேர்டு போட்டவரு 50 சேக்கல்னு வச்சு 1000 கேரா ஆக்கியிருக்காரு. எழுத்து வந்தது பாபிலோன் அரமனை சுவத்துல. 60 போட்டுப் பாருங்க, 1200, 1200, 20, 600, மொத்தம் 3020

பெரியப்பா: அது போக உப்பார்சின்ல முன்னால வர்ற "உ"ன்னா நம்ம "உம்", பார்சின்ங்கிறது பெரேஸோட பன்மை. பன்மைன்னா ஒரே ஒரு 500 எப்படி? பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல மெனே ஒரு தடவதான் வருது, தானியேல் விளக்கம் சொல்லும்போதும் ஒரு தடவதான் சொல்லுதாரு. ஒரு மெனேய எடுத்துட்டா உங்க கணக்குலயே 1520 தான் மிச்சம்

பெங்களூர் அண்ணன்: மாமா டைப்பிங்... டைப்பிங்... 😂

தூத்துக்குடி மாமா: சரி மச்சான் ஆனா ஏழு காலம் தானியேல்ல தான இருக்கு

பெரியப்பா: இருக்கு, 4ஆம் அதிகாரத்துல, முன்னால பாபிலோன ஆண்ட நேபுகாத்நேச்சார் புல்லு மேய்ஞ்சதுக்கு. ஆளும் வேற அதிகாரமும் வேற. சுவத்து எழுத்து பெல்ஷாத்சாருக்கு வந்தது, அன்னைக்கு ராத்திரியே அவன் செத்துட்டான், 5:30. அதுக்கு மேல கவுண்ட்டவுனுக்கு என்ன பாக்கி

பெங்களூர் அண்ணன்: இதுல ஒரு சூப்பரான விஷயம் இருக்கு, ரொம்ப நாளா பெல்ஷாத்சார்னு ராஜாவே கிடையாது, கடைசி ராஜா நபோனிதஸ் தான்னு சொல்லிட்டு இருந்தாங்க, 1854ல ஊர்ங்கிற பழைய பட்டணத்துல (ஆபிரகாம் ஊர்னு சொல்லுவாங்கல்ல) களிமண் உருளை கிடைச்சுது, அதுல நபோனிதஸ் தன் மூத்த மகன் பெல்ஷாத்சாருக்காக வேண்டிக்கிடுதான், அப்பன் பல வருஷம் அரேபியா பக்கம் தேமாவுல போய் உக்காந்துக்கிட்டான் மகன் தான் பாபிலோன பாத்துக்கிட்டான், அதனால தான் தானியேலுக்கு "மூணாவது இடம்" குடுக்கேன்னு சொல்லுதான்னு நிறைய பேர் சொல்லுவாங்க, ரெண்டாவது இடம் அவனுக்கே தான

தங்கச்சி: ஐயோ இத பிள்ளைங்களுக்கு கண்டிப்பா சொல்லணும்

பெரியப்பா: சொல்லு. கிமு 539 அக்டோபர்ல பாபிலோன் விழுந்துச்சுன்னு நபோனிதஸ் காலத்தப் பத்தின களிமண் பதிவுலயும் இருக்கு, பாரசீக ராஜா கோரேசோட படை சண்டையே இல்லாம உள்ள வந்துச்சுன்னு. ஆனா விருந்து, கை, எழுத்து இதெல்லாம் அதுல கிடையாது, அது தானியேல் புஸ்தகத்துல மட்டும்தான். இருக்குன்னு அடிச்சு விட்டுராத

பாளை சித்தி: அத்தான் எனக்கு ஒரு சந்தேகம், நிறுத்துப் பாத்து குறைஞ்சதுன்னா எதுல குறைஞ்சான்

பெரியப்பா: நல்ல கேள்வி. கணக்கு போடுறவங்க யாரும் இத கேக்க மாட்டாங்க. 22, 23 வாசிம்மா. நேபுகாத்நேச்சாருக்கு நடந்ததெல்லாம் தெரிஞ்சும் நீ தாழ்த்தல, எருசலேம் ஆலயத்துப் பாத்திரத்துல திராட்சரசம் குடிச்ச, பொன்னையும் கல்லையும் புகழ்ந்த, உன் சுவாசத்த கையில வச்சிருக்கவர மகிமைப்படுத்தலன்னு தானியேல் முகத்துக்கு நேரா சொல்லுதாரு. அதுக்கு அப்புறம்தான் எழுத்த வாசிக்காரு. எனக்கு என்னமோ அந்த ரெண்டு வசனம் தான் முக்கியம், அத விட்டுட்டு கேராவ கூட்டிக்கிட்டு இருக்கோம்

தூத்துக்குடி மாமா: மச்சான் அந்த 3020 கணக்க தனியா அனுப்புங்க, எங்க ஏரியா ஜெபக் குரூப்ல போடணும்

தங்கச்சி: பெரியப்பா சார்ட்ல அரமேய எழுத்துலயே எழுதி ஒட்டலாம்னு பாக்கேன், நெட்ல ரெம்ப்ராண்ட் வரைஞ்ச படம் கிடைச்சுது, அதுல மேல இருந்து கீழ எழுதியிருக்கு?

பெரியப்பா: ஆமா, ராஜாவோட ஞானிகள் ஏன் வாசிக்க முடியலன்னா எழுத்து மேல இருந்து கீழ போச்சுன்னு யூத ரபிமார் ஒரு விளக்கம் சொல்லியிருக்காங்க, தல்மூத்துங்கிற அவங்க பழைய நூல்ல இருக்கு. ரெம்ப்ராண்ட் அதத்தான் வரைஞ்சாரு, படம் லண்டன் நேஷனல் கேலரில இருக்கு. ஆனா அதப் பாத்து அப்படியே எழுதிராத, கடைசி எழுத்து நூனுக்கு பதிலா ஸாயின் போட்டுட்டாரு. நூன்னா கோடு இன்னும் கீழ இறங்கும். எழுதி முடிச்சுட்டு போட்டோ எடுத்து இங்க போடு, ஒட்டுறதுக்கு முன்னால பாக்கேன்