எண்ணெய்ச் சூடாற்றி: டிரான்ஸ்மிஷன் கூலருக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

டிரெய்லர் இழுக்கும் பிக்கப் வண்டிக்காரர்களுக்காக நாம் தொகுக்கும் கையேட்டில் ‘டிரான்ஸ்மிஷன் கூலர்’, அதாவது தானியங்கி கியர்பாக்ஸின் எண்ணெயில் ஏறும் சூட்டை இறக்கும் உறுப்பு, வரும் இடம் மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது. குளிர்விப்பி, வெப்பமாற்றி, அப்படியே கூலர் என்று மூன்று முன்மொழிவுகள் வந்துவிட்டன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் பங்குக்கு ‘சூடாற்றி’ என்பதை வைக்கிறேன். ஏன் என்று சொல்ல, அந்த கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் எப்படிச் சூடாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளும், ஆற அமரப் படியுங்கள்.

கையால் கியர் போடும் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கிளட்ச் தட்டு இறுகப் பிடித்துச் சேர்க்கிறது. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் தானியங்கியில் அந்த இடத்தில் இருப்பது எண்ணெய். எஞ்சினோடு சுழலும் ஒரு துடுப்புச் சக்கரம் எண்ணெயை வீசுகிறது. எதிரே இருக்கும் இன்னொரு துடுப்புச் சக்கரம் அந்த வீச்சில் சுழல்கிறது. இதுதான் டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களை மனத்தில் வைத்து 1905இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னச் சக்கரம் உண்டு. திரும்பி வரும் எண்ணெயை அது தக்க கோணத்தில் திருப்பிவிடுவதால், வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் திருப்புவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகி கியர்பாக்ஸுக்குள் போகிறது. மூன்று டன் டிரெய்லர் அலுங்காமல் நகர்வது இதனால்தான்.

இது சும்மா கிடைப்பதில்லை. துடுப்புச் சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதவரை, வீணாகும் திறன் முழுவதும் எண்ணெய்க்குள் சூடாகவே இறங்கும். மேட்டில் எஞ்சின் 100 கிலோவாட் தந்து, அதில் பத்தில் ஒரு பங்கு கன்வெர்ட்டரில் நழுவிப் போனால், 10 கிலோவாட் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சமதரையில் ஓரளவு வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் பூட்டுக் கிளட்ச் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். நழுவல் நிற்கும், சூடும் அடங்கும். பாரத்தோடு மேடு ஏறும்போதுதான் தொல்லை. வண்டியின் கம்ப்யூட்டர் பூட்டைத் திறந்து கியரைக் குறைக்கும், கொஞ்சம் வேகம் வந்ததும் ஏற்றும், மூச்சு வாங்கினால் மறுபடி குறைக்கும். இந்த ஊசலாட்டத்தில் எண்ணெய் காய்ந்துவிடுகிறது. பாரம் இழுக்கும்போது ‘டோ/ஹால்’ பொத்தானை அழுத்தச் சொல்வது இதற்காகத்தான்: கியரைக் கீழேயே நிறுத்திவைத்து இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும்.

இங்கே அரிசோனாவில் இதற்கென்றே பேர்போன ஒரு சாலை இருக்கிறது. கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள புல்ஹெட் சிட்டியிலிருந்து கோல்டன் வேலிப் பக்கம் ஏறும் மாநில நெடுஞ்சாலை 68. டேவிஸ் அணை மேடு என்பார்கள். எந்த பிக்கப் எவ்வளவு எடை இழுக்கும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைப் போட்டு விளம்பரம் செய்துகொண்டிருந்த காலத்தில், 2008இல் வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வெளியிட்ட ஜே2807 என்ற தரம் இந்த மேட்டையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 18 கி.மீ. ஏற்றம். வெளியே குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் வெயில். ஏசி முழு வீச்சில். சொன்ன எடையை இழுத்துக்கொண்டு மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். பின்அச்சில் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள பிக்கப்புகளுக்கு மட்டும் 35 மைல். எதுவும் உடையவும் கூடாது, எச்சரிக்கை விளக்கு எரியவும் கூடாது. முதலில் இதற்கு உட்பட்டது டொயோட்டா, 2011 டண்ட்ரா பிக்கப்பில். நம் கையேட்டில் விளம்பர எண்களைப் போடுவதானால் ஜே2807 படி அளந்தவற்றை மட்டும் போட வேண்டும் என்பது என் கட்சி. அது வேறு இழைக்கான சண்டை, விடுங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். தானியங்கி கியர்பாக்ஸின் எண்ணெய்க்கு உகந்த சூடு சுமார் 80 முதல் 95 டிகிரி வரை. 115ஐத் தாண்டினால் எண்ணெய் சிதைந்து வார்னிஷ் போலப் படியத் தொடங்கும். இன்னும் ஏறினால் ரப்பர் சீல்கள் இறுகிப்போகும். கடைசியில் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும். 80க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கும் கைக்கணக்கு. இன்றைய செயற்கை எண்ணெய்கள் அதைவிடக் கூடத் தாங்கும் என்றாலும் போக்கு அதுதான்.

கவனியுங்கள், கீழ் எல்லையே 80 டிகிரி. தொட்டால் கை வெந்துபோகும். எண்ணெயை இந்தச் சூட்டுக்கு இறக்கும் கருவிக்குக் ‘குளிர்விப்பி’ என்று பெயர் வைத்தால், எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவும் நன்மை என்றுதான் படிப்பவர் நினைப்பார். அப்படி நினைத்து, மினசோட்டா போன்ற பனி ஊர்களில் பெரியதாக ஒன்றை வாங்கி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் சூடே ஏறாமல் கெட்டியாக நிற்கும், கியர் மாறுவது தாமதமாகும், எண்ணெய் சூடேறும்வரை கம்ப்யூட்டர் பூட்டுக் கிளட்சையும் போடாது. இதைத் தவிர்க்கவே பல வண்டிகளில் எண்ணெய் போதிய சூட்டுக்கு வரும்வரை அதை இந்தக் கருவிக்குள் விடாமல் சுற்றுவழியில் திருப்பும் வால்வு இருக்கிறது.

தமிழில் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: ஆற்றுதல். டீக்கடையில் மாஸ்டர் ஆற்றித் தருகிறாரே, அது டீயை ஜில்லென்று ஆக்க இல்லை. வாய் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர. கொதிநிலையிலிருந்து தக்க நிலைக்கு இறக்குவது ஆற்றுதல், அதற்கும் கீழே கொண்டுபோவது குளிர்வித்தல். குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னது சரி. நம் கருவி செய்வது முன்னது.

வந்த மறுப்புகளுக்கு வருகிறேன்.

> ‘ஆறிப்போன காபி’ என்றால் குடிக்க லாயக்கில்லாதது என்றுதானே பொருள்? அப்புறம் ஆற்றி மட்டும் எப்படி நல்லதாகும்?

அம்மா, ஆறிப்போவது கவனிக்காமல் விட்டதால் தானே நடப்பது. ஆற்றுவது ஒருவர் கைப்பட, அளவு பார்த்துச் செய்வது. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் சொல்லுக்கு உயிர்.

> வெறும் ‘ஆற்றி’ போதாதா?

போதாது. ஆற்றல், பணியாற்றுதல், ஆற்று நீர் என்று அந்த வேரைச் சுற்றி நெரிசல் அதிகம். முன்னால் ‘சூடு’ வந்தால் குழப்பம் போய்விடும். இதே காரணத்தால் ‘வெப்பமாற்றி’யையும் மறுக்கிறேன். வெப்பம் + ஆற்றி என்று பிரிப்பதா, வெப்ப + மாற்றி என்று பிரிப்பதா? முன்மொழிந்த தம்பி ஒன்றை நினைத்தார், ஆதரித்தவர்களில் பாதிப் பேர் மற்றதை நினைத்தார்கள். போன மாத மடல்களைப் புரட்டிப் பாருங்கள், தெரியும். சூடாற்றியை ஒரே வழியில்தான் பிரிக்க முடியும்.

> ரேடியேட்டருக்குள்ளே இருக்கும் கூலர் குளிர்காலக் காலையில் எண்ணெயைச் சூடாக்கவும் செய்கிறது. அதையும் ஆற்றி என்பீர்களோ?

நல்ல அடி, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ரேடியேட்டர் தொட்டிக்குள் அமர்ந்திருப்பது இருபக்கமும் வேலை செய்கிறது. குளிரில் எஞ்சின் நீரின் சூட்டை எண்ணெய்க்குத் தருகிறது. அதற்கு ‘வெப்பப் பரிமாற்றி’ என்ற ஏற்கெனவே உள்ள சொல்லே பொருந்தும். முன்கிரில்லுக்குப் பின்னால் காற்றில் நிற்கும் தனி உறுப்புக்கு மட்டும் சூடாற்றி. இரண்டையும் பெயரால் பிரிப்பதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. உள்ளே இருப்பது விரிசல் விட்டால் எஞ்சின் நீர் எண்ணெயோடு கலந்து இளஞ்சிவப்பு நுரையாகும். இங்கே வண்டிக்காரர்கள் அதை ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் என்பார்கள். அந்தக் கலவை கிளட்ச் தட்டின் உரசுபட்டையை உரித்துவிடும், கியர்பாக்ஸ் போச்சு. வெளியே இருப்பது விரிசல் விட்டால் எண்ணெய் ஒழுகும், அவ்வளவுதான். எது பழுது என்று எழுதும்போது ஒரே பெயர் இருந்தால் படிப்பவர் திண்டாடுவார்.

> எண்ணெய் என்பது தவறு, அது பாய்மம் (ஃப்ளூயிட்). ஈழத்துப் பாடநூல்களில் பாயி.

டொராண்டோ அண்ணா சொன்ன ‘பாயி’ எனக்குப் பிடித்திருக்கிறது, சின்னதாக, சிக்கனமாக. ஆனால் இயற்பியலில் காற்றும் பாயிதான். அளவுகோலை உருவிப் பார்க்கும் ஆளுக்கு அது சிவப்புச் சாயம் போட்ட எண்ணெய். என் கவலை வேறு: ‘கியர் ஆயில்’ என்று எழுதிவிடக் கூடாது. அது பின்அச்சுப் பெட்டிக்குப் போகும் கெட்டியான சரக்கு. தானியங்கிக்குள் ஊற்றினால் தீர்ந்தது. ஆகவே ‘தானியங்கி எண்ணெய்’, முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) என்று இருக்கட்டும். ஒரு துணுக்கு: 1970களின் தொடக்கம்வரை இந்த எண்ணெயில் உரசலைப் பதப்படுத்தத் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள். ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு அமெரிக்கா பாதுகாப்பு தந்த பிறகுதான் மாற்று தேடினார்கள்.

‘ஓவர்ஹீட்’ என்பதற்குக் ‘கொதித்தல்’ வேண்டாம். ரேடியேட்டர் நீர் கொதிக்கும். இந்த எண்ணெய் கொதிப்பதற்கு முன்பே தீய்ந்து நாறும். ‘மிகைச்சூடு’ என்று வைக்கலாம். கிளட்சை கிளட்ச் என்றே விடலாம். விடுபற்றி, உரசிணைப்பி எல்லாம் அட்டவணையிலேயே உட்கார்ந்திருக்கின்றன, யார் வாயிலும் ஏறவில்லை. டார்க் கன்வெர்ட்டருக்குப் பள்ளிப் பாடநூலின் திருப்புவிசையை வைத்துத் ‘திருப்புவிசை மாற்றி’. ‘முறுக்கு மாற்றி’யைப் பார்த்துப் பலகாரக் கடை ஜோக் அடிப்பவர்களுக்கு இனி வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, கையேட்டுப் பத்தி ஒன்றை எழுதிப் பார்த்தேன்:

“மேட்டில் மிகைச்சூடு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள்; எண்ணெய்ப் பம்பு எஞ்சினால் ஓடுவது, அணைத்தால் சூடாற்றிக்குள் எண்ணெய் போகாது. கைபிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் எஞ்சினைக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் சில நிமிடம் ஓடவிடுங்கள். பழைய டாட்ஜ் ராம் வண்டிகள் பலவற்றில் பார்க்கில் போட்டால் சூடாற்றிக்கு எண்ணெய் ஓடுவதில்லை. அவற்றில் நியூட்ரல் கட்டாயம். சூடு காட்டும் முள் இறங்கியதும் டோ/ஹால் போட்டு, ஒரு கியர் குறைவாகவே ஏறுங்கள். வீடு திரும்பியதும் எண்ணெயைப் பாருங்கள். பழுப்பாகித் தீய்ந்த வாடை வந்தால் மாற்ற வேண்டும். சூடாற்றியின் இதழ்களுக்கிடையில் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால், மெல்லிய நீர்வீச்சில் கழுவுங்கள். அழுத்தம் கூடினால் இதழ் மடங்கிவிடும்.”

படித்துப் பார்த்து எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அரிசோனாவிலிருந்து

மறுமொழி (டொராண்டோ):

தம்பி, பத்தி இடறவில்லை. பாயியை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஒன்று. கடைக்குப் போய் ‘சூடாற்றி தாங்கோ’ என்றால் விளங்குமோ? இன்னொன்று, விளக்கு எரியும்வரை ஏன் காத்திருக்கவேணும்? முள் பார்க்கிற ஆட்களுக்கும் ஒரு வரி எழுதும். என்ர வண்டியில் முள் காட்டுவது கியர்பாக்ஸின்ர அடித்தட்டில் இருக்கிற எண்ணெயின் சூட்டை. கன்வெர்ட்டரை விட்டு வெளியில் வாறது அதைவிடக் கூடவல்லோ?

மறுமொழி (அரிசோனா):

அண்ணா, கடையில் இங்கே எப்படியும் ஆங்கிலத்தில்தான் கேட்கப்போகிறோம். உறுப்பின் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். கையேடு எதற்கென்றால், வாங்கியதை ஏன் மாட்டுகிறோம் என்று புரிவதற்கு.

முள் விஷயம் நீங்கள் சொல்வது சரி. கன்வெர்ட்டரிலிருந்து வரும் எண்ணெய் மேட்டில் சட்டென்று எகிறும், சூடாற்றி வழியாகப் போய்த் தட்டில் சேரும்போது தணிந்திருக்கும். வண்டிக்கு வண்டி உணரியின் இடம் மாறுவதால், வெறுமனே ‘115 டிகிரி’ என்று எழுதினால் எந்த இடத்து 115 என்ற கேள்வி வரும். ‘தட்டுச்சூடு’, ‘வெளியேறுசூடு’ என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறேன். மேலே நான் கொடுத்த எண்கள் எல்லாம் தட்டுச்சூடு என்றே கொள்ளுங்கள்.

சூடாற்றி, மிகைச்சூடு, தானியங்கி எண்ணெய் மூன்றையும் அட்டவணையில் ஏற்றிவிட்டேன். ‘ஸ்டால்’ பாக்கி இருக்கிறது. வண்டி நகராமல் கன்வெர்ட்டர் முழுக்க நழுவும் நிலை, சூடு மிக வேகமாக ஏறுவதும் அப்போதுதான். ‘நின்றுபோதல்’ என்றால் எஞ்சின் அணைந்ததாகப் பொருள்படுகிறது. யாராவது நல்லதாக ஒன்று கொடுங்கள்.