பூனைக்கண் நெபுலா: மைய விண்மீனின் காற்று மணிக்கணக்கில் மாறுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். டிராகோ விண்மீன் குழுவில், முதிர்ந்த விண்மீன் ஒன்று உதிர்த்த வாயு முகிலான பூனைக்கண் நெபுலாவை, அதாவது என்ஜிசி 6543-ஐ, எட்டு அங்குலத் தொலைநோக்கியில் பார்க்கும்போது, நீலப்பச்சை வட்டின் நடுவே மைய விண்மீன் ஊசிமுனை போல் தெரிகிறது. அவ்விண்மீனின் காற்று, அதாவது அதன் பரப்பிலிருந்து வெளியே வீசும் வாயு, சில மணி நேரத்திற்குள் மாறுகிறது என்று படித்தேன். நெபுலாவின் உட்பகுதி உருவாகவே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்க, இவ்வளவு விரைவான மாற்றத்தை எவ்வாறு கண்டறிந்தனர்?

பதில் 1:
நெபுலாவின் வயதை விட்டுவிட்டு விண்மீனின் அளவைப் பாருங்கள். அதன் காற்று நொடிக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. விண்மீனோ சூரியனைவிடச் சிறியது. ஆகவே தன் ஆரத்திற்குச் சமமான தொலைவை அக்காற்று ஒன்பது நிமிடங்களுக்குள் கடந்துவிடுகிறது.

கண்டறிந்த விதம்தான் அழகானது. நம்மை நோக்கி வரும் வாயு ஒளியை உறிஞ்சுவதால், நிறமாலைக் கோடு (ஒரு தனிமத்திற்கே உரிய அலைநீளத்தில் தோன்றும் தடம்) டாப்ளர் விளைவினால், அதாவது வாயுவின் இயக்கத்தால் அலைநீளம் மாறுவதால், நீலப் பக்கமாக அகன்று பள்ளமாகிறது. கார்பன் போன்று மிகுதியாக உள்ள தனிமங்களின் கோடுகளில் ஒளி முழுவதும் விழுங்கப்பட்டுவிடுவதால், காற்று கூடினாலும் குறைந்தாலும் வேறுபாடு தெரியாது. இங்கே அரிய தனிமமான பாஸ்பரஸ் கைகொடுத்தது. 1118 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் உள்ள அதன் கோடு அவ்வாறு நிறைவுறுவதில்லை. ஃப்யூஸ் புறஊதாச் செயற்கைக்கோள் அடுத்தடுத்துப் பதிவுசெய்த நிறமாலைகளில், அந்தப் பள்ளத்திற்குள் ஒரு குறுகிய கருமை தோன்றி, மணிக்கணக்கில் நீல ஓரத்தை நோக்கி நகர்வது தெளிவாகத் தெரிந்தது.

பதில் 2:
காரணத்தைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இக்காற்றை உந்துவது ஒளியே. புறஊதா ஒளியை உறிஞ்சும் அயனிகள் அதன் உந்தத்தையும் பெறுகின்றன. இந்த உந்துதல் இயல்பிலேயே நிலையற்றது. சற்று வேகமாகச் செல்லும் வாயு, தனக்குக் கீழுள்ள வாயுவின் நிழலிலிருந்து வெளிப்பட்டு, புதிய ஒளியைப் பெற்று மேலும் விரைகிறது. அதனால் காற்று கட்டிகட்டியாகத் திரள்கிறது. ஆனால் அக்கட்டிகள் நிமிடக்கணக்கில் வெளியேறிவிடக்கூடியவை. மெல்ல நகரும் கருமைக்கு, விண்மீன் பரப்பில் ஓரிடம் மாறுபட்டிருந்து, அது சுழலும்போது காற்றில் சுருள் அமைப்பு உருவாகிறது என்பதே பொருத்தமான விளக்கம் என்று கருதுகிறேன். ஓ வகைப் பெருமீன்களிலும் (மிகச் சூடான, நிறைமிக்க விண்மீன்கள்) இத்தகைய நகர்வு காணப்படுகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இம்மாற்றம் நெபுலாவின் வடிவத்தில் வெளிப்படுமா?

பதில் 1 எழுதியவர்:
வெளிப்படாது. காற்று மோதிச் சூடாகும் உட்குமிழியில், பல்லாண்டு கால வீச்சின் சராசரியே பதிகிறது. அந்தக் குமிழியிலும் ஒரு புதிர் உள்ளது. இவ்வளவு வேகமான காற்று மோதினால் வெப்பநிலை 2 கோடி கெல்வினைத் தாண்ட வேண்டும். சந்திரா தொலைநோக்கி எக்ஸ் கதிரில் கண்டதோ ஏறத்தாழ 17 லட்சம் கெல்வின்தான். நெபுலாவின் குளிர்ந்த வாயு உள்ளே கலந்திருக்கலாம். அதைக் கணக்கிடக் காற்றின் நிறை தெரிய வேண்டும். கட்டிகட்டியான காற்றைச் சீரானது எனக் கொண்டு உமிழ்வுக் கோடுகளிலிருந்து (வாயு தானே ஒளிர்வதால் தோன்றும் கோடுகள்) கணித்தால், நிறை உண்மையைவிட மிகுதியாகவே வரும்.