ஆய்வில் மறைத்ததும் பகிர்ந்ததும்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

புரதப்பிரியை

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பேசியவரின் முடிவுகள் அருமை. ஆனால் ஸ்லைடில் புரதத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம். "இப்போதைக்கு எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பெயரே தெரியாமல் என்ன கேள்வி கேட்பது? அவை அமைதியாகக் கலைந்தது.

அவர் பயம் நியாயமானதுதான். வேறு குழு முந்திக்கொண்டால் ஒரு மாணவரின் பல வருட உழைப்பு வீண். ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக், முதலில் கண்டது தான்தான் என்று காட்டவும் வேண்டும், பிறருக்குத் தெரியவும் கூடாது என்று, 1676ல் தன் சுருள்வில் விதியை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராகத்தான் அச்சிட்டார்; விடையை 1678ல்தான் சொன்னார். இன்று அதற்கு அவசியமில்லை. நாங்கள் கட்டுரையை இதழுக்கு அனுப்பிய கையோடு பயோஆர்கைவ் என்ற இணையதளத்தில் முன்பதிப்பாகவும், அதாவது இதழ் ஏற்கும் முன்பே யாரும் படிக்கும்படியாக, ஏற்றினோம். யார் எப்போது சொன்னார்கள் என்பதற்குத் தேதியே சாட்சி.

அதைப் பார்த்து, அதே புரதத்தில் வேலை செய்யும் இன்னொரு குழு மின்னஞ்சல் அனுப்பியது. திக்கென்றது. படித்தால், இரண்டு கட்டுரைகளையும் சேர்த்து வெளியிடலாமா என்று கேட்டிருந்தார்கள்! கட்டமைப்பை வைத்து நாங்கள் ஊகித்திருந்த பிணைப்பிடத்தை (புரதத்தில் வேறு மூலக்கூறு வந்து ஒட்டும் இடம்), ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி அவர்கள் நிரூபித்திருந்தார்கள்.

தரவுதேடி

உங்களுக்கு நல்ல மனிதர்கள் வாய்த்தார்கள். "கேட்டால் தரவு தரப்படும்" என்று கட்டுரையின் அடியில் ஒரு வரி இருக்குமே, அதை நம்பி ஒருவருக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதியதும், "அந்த மாணவர் போய்விட்டார், கோப்பு எங்கே என்று தெரியவில்லை" என்றார்கள். கடைசியில் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக மவுஸை வைத்து எண்களை எடுத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த புள்ளிகள் போனது போனதுதான்.

மனித டிஎன்ஏ முழுவதையும் படித்தறிய முனைந்த மனித மரபணுத் திட்டத்துக்காரர்கள் 1996ல் பெர்முடாவில் கூடி, வரிசைப்படுத்திய டிஎன்ஏவை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பதென்று முடிவெடுத்தார்கள். எங்கள் துறையிலும் அப்படி ஒரு கட்டாயம் வர வேண்டும்.

சேர்மக்காரன்

என் கதை வேறு. ஒரு நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வு, ரகசிய ஒப்பந்தம் உண்டு. சேர்மம் செல்களில் வேலை செய்யவில்லை என்பதுதான் முடிவு. அதை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு மாநாட்டில் ஒரு மாணவி, அதே வகைச் சேர்மத்தைத்தான் ஆராயப்போவதாக ஆர்வமாக விளக்கினார். அவர் காட்டிய முதல் படியிலேயே எங்களுக்கு எல்லாம் நின்றுபோயிருந்தது. வாயைத் திறக்க முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் உழைப்பை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மனிதர்கள்மீது நடக்கும் மருந்துச் சோதனைக்காவது ஒரு கடிவாளம் உண்டு: பொதுப் பதிவேட்டில் முன்பே பதிவு செய்யாத சோதனையை 2005 முதல் முக்கிய மருத்துவ இதழ்கள் ஏற்பதில்லை. ஆய்வகக் கட்டத்தில் நடப்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் இப்போதெல்லாம் கையெழுத்துப் போடும் முன் ஒரு ஷரத்தைத் தேடுகிறேன்: பலன் தராத முடிவையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வெளியிடலாமா? இல்லையென்றால் சேர்க்கச் சொல்கிறேன். போன ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள்.